சான்றுக்குச் செல்லும் வழி: ஆய்விதழ்க் கட்டுரையில் மேற்கோளும் துணைநூற்பட்டியலும்

கேட்கச் சுவையான பொருள்கள் எத்தனையோ இருக்க, ஆய்விதழுக்கு அனுப்பும் கட்டுரையில் மேற்கோள் குறிப்பை எப்படி அமைப்பது என்பதை அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு எடுத்துக்கொண்டதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும். நம் ஆய்வு மாணவர்கள் இந்த வேலையைக் கட்டுரை முழுவதும் எழுதி முடித்தபின் கடைசி இரவில் செய்கிறார்கள். நெறியாளர் அதை மேலோட்டமாகப் புரட்டுகிறார். மதிப்பீட்டாளர் பார்த்தாலும், ஆண்டுக்குப் பின்னால் புள்ளியா காற்புள்ளியா, நூற்பெயர் சாய்வெழுத்தில் இருக்கிறதா என்ற அளவில் நின்றுவிடுகிறார். இப்படி ஒப்பனை வேலையாகச் சுருங்கிப்போன ஒன்று உண்மையில் கட்டுரையின் வாதத்தைச் சேர்ந்தது என்பதே நான் நிறுவ விரும்புவது. ஒரு குறிப்பில் வாதத்தைச் சேர்ந்தது எது, அச்சகத்தைச் சேர்ந்தது எது என்று பிரித்துப் பார்த்தால், முன்னதில் இப்போது இருப்பதைவிட மிகக் கண்டிப்பாகவும் பின்னதில் மிகத் தாராளமாகவும் நாம் இருக்க வேண்டும் என்பது தெரியவரும். நம் இதழ்கள் பலவற்றில் நடப்பது நேர்மாறு. நிறுத்தக்குறிக்காகக் கட்டுரை திரும்பி வருகிறது. எந்தப் பதிப்பைப் பார்த்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை.

இன்று புழங்கும் பாணிகள் வானத்திலிருந்து விழுந்தவை போல நமக்குக் கற்பிக்கப்படுகின்றன. அவை ஒவ்வொன்றும் ஏதோ ஒரு துறை தன் சான்றின் இயல்புக்கேற்பச் செய்துகொண்ட ஏற்பாடு. ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் தருகிற ஹார்வர்டு முறையின் தொடக்கத்தை, எட்வர்ட் லாரன்ஸ் மார்க் என்ற ஹார்வர்டு விலங்கியலாளர் ஓடில்லா நத்தையின் முட்டையைப் பற்றி 1881இல் எழுதிய கட்டுரையில் காண்கிறார்கள். எதை யார் எந்த ஆண்டில் முதலில் கண்டார் என்பதே அந்தத் துறையில் வழக்கைத் தீர்க்கும் என்பதால் ஆண்டு முன்னுக்கு வந்தது இயல்பு. மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் சிலர் 1978இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடி, ஒரே கட்டுரையை இதழுக்கு இதழ் மாற்றித் தட்டச்சுச் செய்யும் அவதியைக் குறைக்கப் பொது விதிகளை வகுத்தார்கள். எண்ணிட்டுச் சுட்டும் வான்கூவர் முறை அந்த ஊரின் பெயரால் வழங்குகிறது. ஆவணக் காப்பகத்தின் கட்டு எண், கடித நாள் என்று நீண்ட விவரம் தர வேண்டிய வரலாற்றாசிரியர் அடிக்குறிப்பை விடவில்லை. இந்த ஏற்பாடுகள் காலப்போக்கில் ஊதிப் பெருத்ததும் உண்டு. அமெரிக்க உளவியல் கழகத்தின் விதிகள் 1929இல் ஓர் இதழில் ஏழு பக்கத்தில் அடங்கின. 2019இல் வந்த ஏழாம் பதிப்பு நானூறு பக்கத்தைத் தாண்டிய நூல். அமெரிக்கச் சட்டத் துறையின் நீலநூல் 1926இல் 26 பக்கச் சிறு பிரசுரமாகத் தொடங்கி ஐந்நூறு பக்கத்தைத் தாண்டியது. நீதிபதி ரிச்சர்டு போஸ்னர் 1986லேயே அதற்கு விடைகொடுத்து ஒரு கட்டுரை எழுதினார், நீலநூல் அசையவில்லை. விதி தன் காரணத்தை மறந்தபின்னும் வளர்ந்துகொண்டே போகும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

அந்தக் காரணம் என்ன? கட்டுரையாளர் நின்ற இடத்தில் படிப்பவரும் போய் நின்று பார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த வழி எவ்வளவு எளிதில் அடைபடும் என்பதை அளந்து காட்டியவர்கள் மிக்கேல் சிம்கின், வ்வானி ராய்சௌத்ரி என்ற இருவர். இயற்பியலில் பெயர்பெற்ற ஒரு கட்டுரை, கோஸ்டர்லிட்சும் தௌலஸும் 1973இல் எழுதியது. அதைச் சுட்டிய சுமார் 4,300 குறிப்புகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். 196 குறிப்புகளில் தொகுதி எண்ணோ பக்க எண்ணோ பிழையாக இருந்தது. வியப்பு அதில் இல்லை. அந்த 196இல் வேறுபட்ட பிழைகள் 45 மட்டுமே. ஒரே பக்கப் பிழை 78 முறை திரும்பத் திரும்ப வந்திருந்தது. எழுபத்தெட்டுப் பேர் தனித்தனியே ஒரே இலக்கத்தில் கை தவறியிருக்க முடியாது. ஒருவர் தவறியதை மற்றவர்கள் பார்த்து எழுதினார்கள். சுட்டியவர்களில் ஐந்தில் ஒருவரே மூலத்தைப் படித்திருப்பார் என்று 2003இல் அவர்கள் கணித்தார்கள். குறிப்பை நகலெடுத்தவர் கட்டுரையைப் படிக்காமலேதான் இருந்திருப்பார் என்று அடித்துச் சொல்ல முடியாது; ஆகவே அந்தக் கணக்கை மதிப்பீடாகவே கொள்ள வேண்டும். ஆனால் குறிப்பை எழுதும்போது மூலம் அவர் கையில் இல்லை என்பதில் ஐயமில்லை. நம் விவாதத்துக்கு அது போதும்.

இன்னொரு நிகழ்ச்சி இதைவிட விசித்திரமானது. எல்செவியர் நிறுவனம் கட்டுரையாளர்களுக்குத் தந்த வழிகாட்டியில், துணைநூற்பட்டியல் எப்படி அமைய வேண்டும் என்று காட்ட வான் டெர் கீர் முதலிய மூவர் 2000ஆம் ஆண்டில் எழுதியதாக ஒரு மாதிரிக் குறிப்பு இருந்தது. அறிவியல் கட்டுரை எழுதும் கலை பற்றியது என்று தலைப்பு. தொகுதி எண், பக்க எண் எல்லாம் உண்டு. அப்படி ஒரு கட்டுரையே கிடையாது. அந்த மாதிரிக் குறிப்பு உண்மைக் கட்டுரைகளில் ஏறத்தாழ நானூறு முறை சுட்டப்பட்டிருப்பதை 2017இல் ஆன்-வில் ஹார்சிங் என்ற பேராசிரியர் எடுத்துக்காட்டினார். வார்ப்புருவில் இருந்ததை நீக்காமல் விட்டவர்கள் பலர். அந்தக் குறிப்பின் வடிவத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வடிவத்தை விளக்கவே எழுதப்பட்டது அல்லவா? நிறுத்தக்குறியை மட்டும் பார்க்கும் மதிப்பீட்டாளரிடம் அது நூற்றுக்கு நூறு வாங்கும்.

அப்படியானால் முழுமையாகவும் சரியாகவும் உள்ள குறிப்பு மட்டும் என்ன காப்பாற்றிவிடும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1980இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஜேன் போர்ட்டர், ஹெர்ஷல் ஜிக் இருவரும் ஐந்து வாக்கியத்தில் ஒரு கடிதம் எழுதினார்கள். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு அபினிவகை வலிமருந்து பெற்ற 11,882 பேரில் அடிமைப்பழக்கம் நால்வரிடமே காணப்பட்டது என்பது செய்தி. வீட்டில் மாதக்கணக்கில் அதே மருந்தை உட்கொள்பவர்களைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. 2017இல் அதே இதழில் வெளியான ஆய்வு, அந்தக் கடிதம் 608 முறை சுட்டப்பட்டிருப்பதைக் கணக்கெடுத்தது. அவற்றில் 72 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை அடிமைப்பழக்கம் அரிது என்பதற்கு அதைச் சான்றாக்கியிருந்தன. 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை அவர்கள் மருத்துவமனை நோயாளிகள் என்பதைச் சொல்லவே இல்லை. சரியான குறிப்பும் பொய்க்குத் துணைபோகும் என்பது இதனால் தெரிகிறது, மறுக்கவில்லை. ஆனால் முப்பத்தேழு ஆண்டுக்குப் பிறகு அந்த 608 இடங்களையும் ஒன்றுவிடாமல் எடுத்து மூலத்தோடு வைத்துப் பார்க்க முடிந்தது எதனால்? கடிதத்தின் இதழ், தொகுதி, பக்கம் எல்லாம் அவற்றில் இருந்ததால். குறிப்பு உண்மைக்கு உறுதி தருவதில்லை. தவறானால் பிடிபடுவதற்கு அது இடம்கொடுக்கிறது.

இனி நம் பக்கம் வருவோம். தமிழில் மேற்கோள் காட்டும் மரபு மிகப் பழையது. ஆனால் அதைச் சுட்டும் மரபு ஒரே சீராக இருந்ததில்லை. நச்சினார்க்கினியர் போன்ற உரையாசிரியர்கள் பல இடங்களில் பாட்டின் அடியைத் தந்துவிட்டு, நூற்பெயர் சொல்லாமல் பிறரும் இப்படிச் சொன்னார் என்ற அளவில் நிறுத்திவிடுவார்கள். அவர்களுடைய மாணாக்கருக்கு அந்த நூல்கள் மனப்பாடம்; முதலடி போதும். அந்தக் கல்வி மரபு அறுந்தபின் அதே சுருக்கம் சுமையாகிவிட்டது. சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் அதற்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையிலுள்ள மேற்கோள்கள் எந்த நூலைச் சேர்ந்தவை என்று தெரியாமல் பட்ட பாட்டைத் தன்வரலாறான என் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். எட்டுத்தொகை ஏடுகள் கைக்கு வந்தபோதுதான் பலவற்றின் மூலம் புலப்பட்டது. இதற்கு எதிர்ப்புறத்தில் புறத்திரட்டு என்ற தொகைநூலை வைத்துப் பாருங்கள். அதைத் தொகுத்தவர் செய்யுள்களுக்கு மூலநூலின் பெயரைக் குறித்து வைத்தார். முத்தொள்ளாயிரத்தில் இன்று நமக்குக் கிடைக்கும் பாடல்களில் நூற்றுக்கும் மேற்பட்டவை, தகடூர் யாத்திரையின் சில செய்யுள்கள் எல்லாம் அந்தச் சிறு குறிப்பினால் பிழைத்தவை. மயிலை சீனி. வேங்கடசாமி மறைந்துபோன தமிழ் நூல்களைப் பற்றி ஒரு முழு நூல் எழுத முடிந்ததும் இத்தகைய குறிப்புகள் இருந்ததால். பெயர் சுட்டாத இடங்களில் செய்யுள் மட்டும் ஊர்பேர் தெரியாமல் நிற்கிறது.

சாமிநாதையரின் பதிப்புகளில் எந்தச் சுவடி யாரிடமிருந்து வந்தது என்ற விவரம் முகவுரையில் உண்டு. 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, சொல்லுக்குப் பொருள் தரும்போதே ஆட்சியிடத்தை நூலின் சுருக்கப் பெயராலும் செய்யுள் எண்ணாலும் காட்டியது. ஆகவே, மேற்கோள் ஒழுங்கு மேலைநாட்டு இறக்குமதி, நமக்கு அந்நியம் என்று சொல்பவர்களின் வாதம் நிற்காது. நமக்கென்று ஓர் ஒழுங்கு உருவாகிக்கொண்டு வந்தது. பல்கலைக்கழக ஆய்வேடுகள் பெருகிய காலத்தில் அதைத் தொடர்வதற்குப் பதிலாக ஆங்கிலக் கையேடுகளின் மேற்பரப்பை எடுத்து ஒட்டிக்கொண்டோம். ஒட்டிய இடங்களில் எவையெல்லாம் பிய்ந்து நிற்கின்றன என்று பார்க்க வேண்டும்.

முதலில், இடம் சுட்டுவது. ஆங்கிலக் கையேடு பக்க எண் கேட்கிறது. நம் மாணவர் குறுந்தொகைப் பாட்டுக்குத் தம்மிடமுள்ள மலிவுப் பதிப்பின் பக்க எண்ணைத் தருகிறார். அந்தப் பதிப்பு இல்லாதவருக்கு அந்த எண்ணால் பயனில்லை. பாட்டெண் தந்தால் எந்தப் பதிப்பிலும் கிடைக்கும். ஆனால் பாட்டெண் மட்டும் தந்தாலும் போதாது. தொல்காப்பிய நூற்பா எண் உரையாசிரியருக்கு உரையாசிரியர் மாறுகிறது. ஒருவர் ஒன்றாகக் கொண்ட நூற்பாவை மற்றவர் இரண்டாகப் பிரித்திருப்பார். அதனால்தான் பழைய புலவர்கள் சொல்லதிகாரம், சேனாவரையம், இந்த எண் என்று உரையையும் சேர்த்தே சுட்டினார்கள். திருக்குறளுக்கு நாம் தரும் தொடர் எண் பரிமேலழகர் வைப்புமுறையைச் சார்ந்தது. மணக்குடவர் உரையில் அதிகாரத்துக்குள் குறள்களின் வரிசை வேறு. கம்பராமாயணத்தில் மிகைப்பாடல் என்று ஒரு பதிப்பு ஒதுக்கியதை இன்னொரு பதிப்பு உள்ளே வைத்து எண்ணிட்டிருக்கும். அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பதிப்பின் எண்ணைக் கொண்டு கம்பன் கழகப் பதிப்பில் தேடினால் வேறு பாட்டில் போய் நிற்கலாம். திருமந்திரத்தின் நிலையும் இதுவே. ஆக, பழநூலுக்குத் தேவை இரண்டு: நூலின் உட்பிரிவும் எண்ணும் ஒன்று, அந்த எண் எந்தப் பதிப்பைச் சார்ந்தது என்பது மற்றொன்று. பக்க எண் கூடுதல் வசதி. உரைநடை நூலுக்கோ பக்க எண்தான் எல்லாம். இரண்டுக்கும் ஒரே விதி என்று வைத்தது நாம் செய்துகொண்ட தொல்லை.

பதிப்பைச் சொல்ல வேண்டும் என்பது எண்ணுக்காக மட்டுமில்லை. குறுந்தொகை 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கன் உரையோடு அச்சாயிற்று. 1937இல் சாமிநாதையர் பதிப்பு வந்தது. 1940இல் வையாபுரிப்பிள்ளை சங்க இலக்கியம் முழுவதையும் பதிப்பித்துக் கொணர்ந்தார். 2010இல் எவா வில்டனின் செம்பதிப்பு வெளியாயிற்று. இவற்றில் பாடம் வேறுபடும் இடங்கள் உண்டு. ஓர் அடியில் ஒரு சொல்லை வைத்துக் கருத்தை எழுப்புகிற கட்டுரை, அந்தச் சொல் யார் ஏற்ற பாடம் என்பதைச் சொல்லாவிட்டால் சான்றைத் தரவில்லை என்றே கொள்ள வேண்டும். அச்சு நூலைத் தொடாமல் மதுரைத் திட்டம் போன்ற மின்தொகுப்பில் பாட்டை எடுத்துவிட்டு, பட்டியலில் ஏதோ ஓர் அச்சுப் பதிப்பின் பெயரை எழுதும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. மின்னூலைப் பயன்படுத்துவதில் இழிவு ஒன்றுமில்லை. 1998இல் தொடங்கிய அந்தத் தன்னார்வப் பணி இல்லாமல் இன்றைய ஆய்வில் பாதி நடக்காது. அவற்றில் பல தாம் எந்த அச்சுப் பதிப்பைப் பின்பற்றின என்பதை முகப்பிலேயே சொல்லியும் விடுகின்றன. எதைப் பார்த்தோமோ அதை எழுத வேண்டும். கல்வெட்டிலும் இதே நாணயம் வேண்டும். 1890இல் ஹூல்ட்ஷ் தொடங்கிய தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளில் பாடம் முழுவதும் கிடைக்கும். கல்வெட்டுத் துறையின் ஆண்டறிக்கையில் பெரும்பாலும் சுருக்கமே இருக்கும். ஆண்டறிக்கையின் எண்ணைத் தந்து கல்வெட்டையே படித்தவர்போல எழுதுவது, கோஸ்டர்லிட்சின் பக்க எண்ணை நகலெடுத்த எழுபத்தெட்டுப் பேரின் வரிசையில் சேர்வதாகும். ஒருவர் நூலில் கண்ட மேற்கோள் என்றால் அவரைச் சொல்லிவிடுவதில் என்ன குறைந்துவிடும்?

அடுத்தது ஆண்டு. ஆசிரியர், ஆண்டு என்ற முறையைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவந்தபோது மறுபதிப்பின் ஆண்டு ஆசிரியரோடு ஒட்டிக்கொண்டது. நாட்டுடைமையான நூல்களைப் பல பதிப்பகங்கள் முதற்பதிப்பின் ஆண்டைக் குறிக்காமலே வெளியிடுகின்றன. 1942இல் மறைந்த சாமிநாதையரும் 1956இல் மறைந்த வையாபுரிப்பிள்ளையும் இருபத்தோராம் நூற்றாண்டில் வாதம் புரிவதாக நம் கட்டுரைகள் சொல்வது இதனால்தான். நகைப்புக்காகச் சொல்லவில்லை. யார் கருத்துக்கு யார் மறுமொழி சொன்னார் என்ற வரிசையே தலைகீழாகிவிடுகிறது. ஆண்டு முறை எந்தப் பயனுக்காக ஏற்பட்டதோ அந்தப் பயனே கெடுகிறது. அமெரிக்க உளவியல் கழகப் பாணியே முதல் ஆண்டையும் பயன்படுத்திய பதிப்பின் ஆண்டையும் சாய்கோடிட்டுச் சேர்த்துத் தர இடம் தருகிறது. நாம் அதைப் பின்பற்றாதது சோம்பல். பழைய இதழ்களிலும் நூல்களிலும் தமிழாண்டு மட்டும் இருப்பது இன்னொரு சிக்கல். சர்வசித்து என்றால் 1887-88ஆகவும் இருக்கலாம், 1947-48ஆகவும் இருக்கலாம். 1887இல் பிறந்த சர்வசித்துவின் தை மாத இதழ் 1888இல் வந்தது. நூலில் உள்ளதை உள்ளபடி எழுதி, கணித்த கிறித்தவ ஆண்டைப் பகர அடைப்பில் தருவது வழி. திருவள்ளுவர் ஆண்டில் 31ஐக் கழித்தால் போதும், அதில் தொல்லையில்லை.

பெயர்தான் எல்லாவற்றிலும் கடினமானது. மேலைப் பாணிகள் ஒவ்வொருவருக்கும் குடும்பப் பெயர் உண்டு என்ற நம்பிக்கையின்மேல் நிற்கின்றன. தமிழருக்குப் பெரும்பாலும் அது இல்லை, முன்னெழுத்தும் இயற்பெயரும்தான். முருகன் மகள் தமிழ்ச்செல்வி ஆங்கில இதழின் படிவத்தில் கட்டாயக் கட்டத்தை நிரப்பத் தந்தை பெயரை இட்டால், அவர் கண்டதெல்லாம் முருகன் கண்டதாகச் சுட்டப்படும். திருமணத்துக்குப்பின் முன்னெழுத்தை மாற்றிக்கொண்டால் ஒருவரே இருவராகிவிடுவார். மறுபுறம், ஆங்கிலப் பட்டியல்களில் வையாபுரிப்பிள்ளை பிள்ளையின் கீழும், சாமிநாதையர் ஐயரின் கீழும், நீலகண்ட சாஸ்திரி சாஸ்திரியின் கீழும் போய் நிற்கிறார்கள். பெயரோடு சாதியைச் சேர்ப்பதைத் தமிழ்ப் பொதுவாழ்வு பல பத்தாண்டுகளாக விலக்கிவந்திருக்க, ஒரு பட்டியல் விதி அதையே முதலில் நிறுத்திக் காட்டுவது விந்தை. இதைப் பற்றி யோசித்தவர் நம்மிடமே இருந்தார். சீர்காழிக்காரரும் சென்னைப் பல்கலைக்கழக நூலகருமான எஸ். ஆர். ரங்கநாதன் 1934இல் வெளியிட்ட பட்டியலாக்க விதித்தொகுப்பில் இந்தியப் பெயர்களை விரிவாக ஆராய்ந்தார். தம் பெயரை எழுதும்போது இயற்பெயரை முன்வைத்து, முன்னெழுத்துகளைப் புள்ளியின்றி அடைப்புக்குள் இட்டார். தமிழ்க் கட்டுரைக்கு அதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை. இயற்பெயரால் அகரவரிசை, பட்டப்பெயர் ஒட்டியிருந்தால் பிரிக்காமல் விடுவது, முன்னெழுத்தை ஒருபோதும் விரித்துக் குடும்பப் பெயராக்காமல் இருப்பது, புதுமைப்பித்தனைப் புதுமைப்பித்தன் என்றே வைப்பது.

இங்கே ஒரு தடை எழும். உலகத் தரவுத்தளங்களில் இடம்பெற வேண்டுமானால் உலகப் பாணியில்தானே எழுத வேண்டும், நாமே விதி வகுத்துக்கொண்டால் கிணற்றுக்குள் இருப்போமே என்பார்கள். தரவுத்தளம் பாணியைப் பார்த்துப் பொருத்துவதில்லை. 2000ஆம் ஆண்டில் ஏற்பட்ட கிராஸ்ரெஃப் அமைப்பு வழங்கும் எண்ணியல் பொருள் அடையாளம் கட்டுரைக்கும், 2012இல் வந்த ஆர்க்கிட் எண் ஆசிரியருக்கும் மாறாத அடையாளம் தருகின்றன; பெயர் எந்த வரிசையில் இருந்தாலும் எண் ஒன்றே. சாமிநாதையர் பெயரை ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாக எழுதிக் குழப்பியதைவிட, தமிழ்ப் பட்டியலைத் தமிழிலேயே வைத்து, நூலகங்கள் ஏற்ற ஒலிபெயர்ப்பில் அதையே ரோமன் எழுத்தில் ஒருமுறை தருவது தேடுபவருக்கு உதவும். வெளிநாட்டு இதழுக்கு ஆங்கிலத்தில் எழுதும்போது அந்த இதழின் விதியைப் பின்பற்றத்தான் வேண்டும், அதில் வீம்பு கூடாது. அப்போதும் பதிப்பு, பாட்டெண், முதல் ஆண்டு ஆகியவற்றைச் சேர்க்க எந்தப் பாணியும் தடை சொல்வதில்லை. உண்மையான தடை நம் எழுத்துருவில் இருக்கிறது. பாமினி போன்ற பழைய குறியேற்றத்தில் அச்சான கட்டுரையைத் தேடுபொறி தமிழாகவே படிக்காது. அதன் பட்டியல் எத்தனை அழகாக இருந்தும் யாருக்கும் அகப்படாது.

மென்பொருள் வந்துவிட்டதே, இதையெல்லாம் ஏன் கற்க வேண்டும் என்பது அடுத்த தடை. 2006 முதல் இலவசமாகக் கிடைக்கும் ஜோடெரோ போன்றவற்றில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாணிகள் உள்ளன. ஒரு சொடுக்கில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறலாம். பெயரை இரண்டாகப் பிரிக்காமல் ஒரே கட்டத்தில் இடும் வசதியும் அதில் உண்டு. இதை நான் வரவேற்கிறேன், ஏனெனில் என் வாதத்துக்கு இது துணை. புள்ளியையும் சாய்வெழுத்தையும் பொறி பார்த்துக்கொள்ளும் என்றாகிவிட்டால் மனிதருக்கு மீதியிருப்பது சான்று மட்டுமே. அந்த மீதியையும் பொறியிடம் விட்டால் என்னாகும் என்பதற்கு 2023இல் நியூயார்க்கில் நடந்த மாட்டா எதிர் ஏவியாங்கா வழக்கு இருக்கிறது. சாட்ஜிபிடி தந்த ஆறு முன்தீர்ப்புகளை வழக்கறிஞர்கள் மனுவில் சுட்டினார்கள், ஆறும் கற்பனை. நீதிமன்றம் ஐயாயிரம் டாலர் தண்டம் விதித்தது. அந்த மேற்கோள்களுக்கும் வழக்கின் பெயர், ஆண்டு என்று எல்லா அலங்காரங்களும் இருந்தன. வடிவ ஒழுங்கு நம்பகத்தன்மைக்கு அடையாளம் என்ற பழைய அனுமானம் இனிச் செல்லாது. வான் டெர் கீர் அப்போதே அதை உணர்த்தியிருக்க வேண்டும்.

பணமும் நேரமும் இதில் உண்டு. கட்டுரைகளை இதழ்களின் விருப்பப்படி வடிவமைக்க ஆகும் செலவை 2019இல் பிளாஸ் ஒன் இதழில் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. 41 நாடுகளைச் சேர்ந்த 372 பேர் விடையளித்தார்கள். ஒரு கட்டுரைக்கு இடைநிலை அளவாகப் பதினான்கு மணி நேரம், ஏறத்தாழ 477 டாலர் மதிப்புள்ள உழைப்பு. இது துணைநூற்பட்டியலுக்கு மட்டுமான கணக்கு இல்லை. பக்க அமைப்பு, படம் எல்லாம் சேர்ந்தது. ஏற்கப்படுமா என்றே தெரியாத கட்டுரைக்கு இந்த உழைப்பைக் கேட்பது வீண் என்று உணர்ந்த பெரிய பதிப்பகங்கள், முதல் அனுப்புகையில் எந்தப் பாணியும் ஏற்கும், ஒரே சீராக இருந்தால் போதும் என்று தளர்த்தியிருக்கின்றன. பெரிய பதிப்பகத்துக்குத் திருத்த ஆள் உண்டு, ஓரிருவர் உழைப்பில் நடக்கும் தமிழ் இதழுக்கு யார் இருக்கிறார் என்று கேட்பீர்கள். ஆள் இல்லாத இதழ்தான் எதைக் கேட்பது என்பதில் கணக்காக இருக்க வேண்டும். நிறுத்தக்குறியைத் திருத்த ஒருவர் செலவிடும் மாலையில், பட்டியலிலிருந்து ஐந்து குறிப்புகளைக் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கியெடுத்து, மூலத்தைத் திறந்து, சொன்னது அங்கே இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். நூலகத்துக்குப் போகாமலே இதில் பெரும்பகுதியை முடிக்கத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இலங்கை நூல்களுக்கு நூலகம் தளமும் இருக்கின்றன. ஐந்தில் இரண்டு தவறினால் கட்டுரை முழுவதையும் திருப்பி அனுப்ப அது போதிய காரணம். உரையில் சுட்டாத நூல் பட்டியலில் இருந்தால் நீக்கச் சொல்ல வேண்டும். ஆய்வேட்டின் துணைநூற்பட்டியலில் படித்ததையெல்லாம் அடுக்கும் வழக்கம் இதழுக்குப் பொருந்தாது. மேலது என்ற குறிப்பை ஒழித்துவிடலாம். இடையில் ஓர் அடிக்குறிப்பைச் செருகினால் அது வேறொரு நூலைச் சுட்டத் தொடங்கிவிடுகிறது. சிகாகோ கையேடு 2017இலேயே அதற்குப் பதிலாகச் சுருக்கத் தலைப்பைப் பரிந்துரைத்தது. இவ்வளவையும் கட்டுரையாளருக்குச் சொல்ல இரண்டு பக்கக் குறிப்பு தாராளமாகப் போதும். அதில் நிறுத்தக்குறிக்கு ஒரு வரி ஒதுக்கலாம்.